மூன்று பாட்டில் நீர்

நுழையும் முன்

பாலை என்றதும் மணற்குன்றுகளும் ஒட்டகங்களும் நம் கண்முன் தோன்றுகின்றன. சங்கப் புலவர்கள் பாடிய பாலை அத்தகையதன்று. கோடையில் நீர் வற்றி, கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் மலைவழியையே அவர்கள் பாலையாகக் கண்டனர். அதைப் போன்ற நிலம் ஒன்று பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்குச் சென்று வந்த நான்கு நண்பர்களின் பயணத்தை இப்பாடத்தில் படிப்போம்.

பாடம்

மார்ச் மாத இறுதியில் ஒரு மாலைப்பொழுது. ஜோகுபாளையத்தின் குறுகிய தெரு ஒன்றில், பழைய பேப்பர் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த தொங்குதராசில் நான்கு முதுகுப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. தராசைப் பிடித்திருந்தவர், அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பயணம் புறப்படவிருந்த நால்வரில் ஒருவனுக்கு அவர் தாய்மாமன். ஆதலால் மற்ற மூவருக்கும் அவர் மாமாவே ஆனார்.

பைகளிலிருந்து அவர் எடுத்து வெளியே வைத்த பொருள்கள் திண்ணையை நிறைத்தன. ஓர் ஒலிபெருக்கி, இரண்டாவது சோடிக் காலணி, ஐந்து பாக்கெட் சிப்ஸ், கனமான போர்வை, ஒளிப்படக் கருவியை நிறுத்தும் முக்காலி. அவற்றுக்கு மாறாக ஒவ்வொரு பையிலும் ஒரு லிட்டர் அளவுள்ள மூன்று பாட்டில் நீரை வைத்தார்.

“மாமா, அங்கே ஓர் ஆறே இருக்கிறது. ஆற்றுக்குப் போகிறவர்கள் தண்ணீரைச் சுமந்துகொண்டு போவானேன்?” என்று நால்வருள் கால்பந்து ஆடுபவன் கேட்டான்.

“ஆறு கீழே இருக்கிறது, தம்பி. தாகம் மேலே ஏறும்போது எடுக்கும்” என்றார் மாமா. “மலைக்குப் போகிறவன் முதலில் ஏறுகிறான். களைத்தால் திரும்பி இறங்கிவிடுகிறான். பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். எளிதான பாதி முதலில் முடிந்துவிடும். கடினமான பாதி, கால் களைத்த பிறகு, உச்சி வெயிலில் வரும். ஆகையால் ஒரு பாட்டில் இறங்குவதற்கு. இரண்டு பாட்டில் ஏறுவதற்கு. முதல் பாட்டில் தீர்ந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். ஆறு பத்தடி தூரத்தில் இருந்தாலும் சரி.”

“யாருடைய முதல் பாட்டில், மாமா?” என்று அவருடைய மருமகன் வினவினான்.

“யாருடையது முதலில் தீர்கிறதோ அவனுடையது, மாப்பிள்ளை.”

மாமா இதை ராஜஸ்தானத்து எல்லைப் பணியில் கற்றிருந்தார். இதே அறிவுரையை உலகின் மறுபக்கத்திலும் காணலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த பெரும்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 1,800 மீட்டர் ஆழமும் உடையது. ஒரே நாளில் ஆறுவரை இறங்கித் திரும்பி ஏற முயல வேண்டாம் என்று அங்குள்ள பாதைகளின் தொடக்கத்தில் எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. இறங்குவது எளிது என்பதே அங்கு ஆபத்தாகிறது.

நண்பர்கள் செல்லவிருந்த இடம் ஆந்திர மாநிலத்துக் கடப்பை மாவட்டத்தில் உள்ள கண்டிக்கோட்டை. அதனை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. ஆழத்தில் அது ஏறத்தாழ நூறு மீட்டர்தான். தனக்கெனப் பெயரும் வரலாறும் உடைய ஓர் ஊருக்கு இந்த இரவல் பெயர் தேவையில்லை. தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலையிடை பிளவு. கன்னடத்திலும் ‘கண்டி’ என்பது துளையையும் இடைவெளியையும் குறிக்கும். பிளவின்மீது நிற்கும் கோட்டை கண்டிக்கோட்டை ஆயிற்று.

மறுநாள் விடியற்காலையில் நால்வரும் பேருந்தில் புறப்பட்டனர். தேவனஹள்ளியைக் கடந்ததும் இடப்பக்கத்தில் நந்தி மலைத்தொடர் பனிமூட்டத்தினிடையே தெரிந்தது. பெங்களூருவில் வாழும் தமிழர்கள் இம்மலையைச் சற்று நின்று பார்ப்பது தகும். இத்தொடரில் பெண்ணை என்னும் பெயருடன் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. வடபெண்ணை வடக்கே சென்று, பின் கிழக்கே திரும்பி, ஆந்திரத்தின் ஊடாகச் சென்று, மொத்தம் 597 கிலோமீட்டர் ஓடி நெல்லூருக்கு அப்பால் கடலில் கலக்கிறது. தென்பெண்ணை தெற்கே இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாகக் கடலூரை அடைகிறது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட திருக்கோவலூர் இந்தத் தென்பெண்ணையின் கரையில்தான் இருக்கிறது. அல்சூர் ஏரி நிரம்பி வழியும் நீரும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையையே சேர்கிறது. ஆக, ஜோகுபாளையத்தின் மழைநீர் தமிழ்நாட்டுக்குப் போகிறது. நண்பர்களோ அதன் உடன்பிறப்பான மற்றோர் ஆற்றைத் தேடிச் சென்றனர்.

பாகேப்பள்ளியில் சித்ராவதி ஆற்றைப் பேருந்து கடந்தது. பாலத்தின் கீழே மணலும் சில குட்டைகளுமே காணப்பட்டன. கதிரி, புலிவெந்துலா, ஜம்மலமடுகு எனப் பேருந்துகள் மாற மாற, சாளரத்தின் வெளியே பச்சை குறைந்துகொண்டே வந்தது. பெங்களூருவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வழியில் உள்ள அனந்தபுரம் வட்டாரத்திலோ அது ஏறத்தாழ 550 மில்லிமீட்டர்தான். தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கோ கடற்கரை தொலைவில் இருக்கிறது. இருபுறமும் கைவிட்ட நிலம் இராயலசீமை.

மாலையில் கோட்டையை அடைந்தனர். விசயநகரப் பேரரசின்கீழ் பெம்மசானி நாயக்கர்கள் நெடுங்காலம் ஆண்ட கோட்டை இது. பின்னர் கோல்கொண்டா அரசின் படைத்தலைவர் மீர் ஜும்லா இதனைக் கைப்பற்றினார். பிரெஞ்சு மணிவணிகர் தாவர்னியே 1652ஆம் ஆண்டில் அவரை இங்குச் சந்தித்தார். மாதவராயர் கோயிலின் கோபுரமும், ஜாமியா மசூதியும், பெரிய தானியக் களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. ஆயினும் நண்பர்கள் அவற்றை விரைவாகவே கடந்துவிட்டனர். அவர்களின் கால்கள் மதிலுக்கு அப்பால் இருந்த விளிம்பை நோக்கியே சென்றன.

விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது நால்வரும் பேச்சற்றனர். இருபுறமும் செந்நிறப் பாறைச்சுவர்கள்; கைகளால் அடுக்கிவைத்தவை போன்ற சதுரக் கற்பாளங்கள்; ஆழத்தில் பச்சை நிறத்தில் வடபெண்ணை.

இப்பாறையைக் கருங்கல் என்று பல வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. அது பிழை. இது குவார்ட்சைட் என்னும் பாறை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நீரடியில் படிந்த மணல், அடுக்கடுக்காக இறுகிக் கல்லானது. ‘கண்டிக்கோட்டைக் குவார்ட்சைட்’ என்றே நிலவியலார் அதற்குப் பெயரிட்டுள்ளனர். பெங்களூருவின் லால்பாக் பூங்காவில் நாம் ஏறி விளையாடும் பாறை இதனினும் மூத்தது. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். லால்பாக் பாறை உருண்டு திரண்டு யானை முதுகுபோல் இருக்கிறது. கண்டிக்கோட்டைப் பாறை கிடைமட்ட அடுக்குகளும் செங்குத்தான வெடிப்புகளும் கொண்டது. ஆறு அடியை அரிக்க அரிக்க, வெடிப்பின் வழியே கற்பாளங்கள் பிளந்து சரிகின்றன. அதனால்தான் சுவர் செங்குத்தாக நிற்கிறது. அதனால்தான் அதன் அடிவாரமெங்கும் ஆளுயரக் கற்கள் குவிந்து கிடக்கின்றன. அக்கற்களைத் தாண்டியே ஆற்றை அடைய வேண்டும்.

அன்றிரவு கூடாரத்தில் தங்கினர். காலை ஆறு மணிக்கே இறங்கத் தொடங்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. ஆனால் ஒளிப்படம் எடுக்கும் நண்பன், கதிரவன் எழும் காட்சியைப் படமெடுக்க விரும்பினான். பின்னர், சுவரில் வெயில் படரும் காட்சி. அதன்பின் மற்றொரு கோணம். பையிலிருந்து அவன் முக்காலியை வெளியே எடுத்தபோது, அது எப்படி மீண்டும் உள்ளே வந்தது என்று எவரும் கேட்கவில்லை. படங்கள் அழகாக அமைந்தன. அவர்கள் இறங்கத் தொடங்கியபோது மணி ஒன்பதரை.

சங்க இலக்கியம் பாலைக்குரிய பெரும்பொழுதாக வேனிலையும், சிறுபொழுதாக நண்பகலையும் வகுத்துள்ளது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை என அமைத்தவர்கள் பாலைக்கு மட்டும் உச்சி வெயிலைக் கொடுத்தார்கள். பாலை என்பது தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டு எய்தும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழைக்காலத்தில் கண்டிக்கோட்டையைக் காண்பவர் அதனைக் குறிஞ்சி என்றே சொல்லக்கூடும். மார்ச் மாதத்து நண்பகலில் அது பாலையாகிவிடுகிறது.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடுவதற்காக ஊரைவிட்டுச் சென்றவர்களைப் பற்றியவை அப்பாடல்களுள் பல. தமிழ்நிலத்தின் வட எல்லையான வேங்கட மலையைத் தாண்டி, வேற்றுமொழி வழங்கும் நாட்டுக்குச் சுரவழியே நடந்தவர்களை அவை காட்டுகின்றன. வேங்கடத்துக்கு வடமேற்கே உள்ள கண்டிக்கோட்டையும் அத்தகைய வேற்றுமொழி நாட்டில்தான் இருக்கிறது. நண்பர்களுள் ஒருவனுடைய கொள்ளுப்பாட்டனார் பாலாற்றங்கரை ஊரைவிட்டுப் பெங்களூருத் தண்டுப் பகுதிக்கு வேலை தேடி வந்தவர். அந்தத் தண்டு 1809இல் அமைக்கப்பட்டது. அதன்பின் அப்படி வந்த தமிழர் பலர். அவர்கள் கடந்த வழியைப் பற்றி வீட்டில் எவரும் பாடி வைக்கவில்லை.

இறங்குவது எளிதாகவே இருந்தது. கால்பந்து வீரன் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்குத் தாவிக்கொண்டு முன்னே சென்றான். பத்தரை மணியளவில் பாறைகள் சுடத் தொடங்கின. கையை ஊன்றி இறங்கிய இடங்களில் உள்ளங்கை எரிந்தது. மேலிருந்து வெயிலும் இருபுறச் சுவர்களிலிருந்து வெப்பமும் சேர்ந்து தாக்கின. ஆறு தெளிவாகத் தெரிந்தது. இன்னும் பத்து நிமிடங்களே.

அப்போது ஒளிப்பட நண்பன் ஒரு கல்லின்மீது அமர்ந்தான். அடுத்த படத்துக்காக அமர்ந்தான் என்றே மற்றவர்கள் எண்ணினர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நண்பன் மட்டும் திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. கெண்டைக்கால் தசை பிடித்திழுத்தது. தலை சுற்றுகிறது என்றும் வாந்தி வருகிறது என்றும் மெல்லிய குரலில் கூறினான்.

“எத்தனை பாட்டில் தீர்ந்தது?”

“ஒன்றரை.”

“முதல் பாட்டில் தீர்ந்தபோது ஏன் சொல்லவில்லை?”

அவன் பதில் கூறவில்லை. சொல்லியிருந்தால் நால்வரும் திரும்ப வேண்டியிருக்கும். தன் பொருட்டு அனைவரும் ஆற்றை இழப்பதை அவன் விரும்பவில்லை. பையைத் திறந்து பார்த்தபோது மற்றொன்றும் தெரிந்தது. அதில் மூன்றாவது பாட்டில் இல்லை. அதன் இடத்தில் முக்காலி இருந்தது.

கால்பந்து வீரன் இரண்டு வெற்றுப் பாட்டில்களைக் கையில் எடுத்தான். “நான் மட்டும் ஓடிப்போய் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறேன். போக வரக் கால் மணி நேரம்” என்றான்.

அவன் கூறியது தவறு என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆறு கண்ணெதிரே இருந்தது. நண்பனுக்கு நீர் வேண்டியிருந்தது. அவன் கால்களோ நால்வரிலும் வலியவை. மருமகன் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் மேலேயும் கீழேயும் பார்த்தான். பிறகு, “இப்போது நடக்க முடியாதவன் ஒருவன். நீ போனால், அங்கே கால் பிசகினால், இரண்டு பேர். கொதிக்க வைக்காத ஆற்றுநீரை இவன் வயிறும் தாங்காது. நம்மிடம் இன்னும் ஏழு லிட்டருக்கு மேல் இருக்கிறது. அதை எண்ணிக் குடிப்போம்” என்றான். கால்பந்து வீரன் பாட்டில்களைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இருந்தது.

முன்னோக்கிச் சாய்ந்திருந்த ஒரு பாறையின் நிழலில் நண்பனைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்றே உயர்த்தினர். காலணியைக் கழற்றிச் சட்டையைத் தளர்த்தினர். மருந்துக்கடை நண்பன் தன் பையிலிருந்த உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கலந்து, சிறிது சிறிதாகப் பருகச் செய்தான். பொட்டலம் இல்லாதபோது ஒரு லிட்டர் தூய நீரில் தட்டையாக நிரப்பிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் அதே பயனைத் தரும். வியர்வையாக வெளியேறுவது நீர் மட்டுமன்று, உப்பும்தான். வெறும் நீரைக் குடித்துக்கொண்டே இருப்பது மட்டும் போதாது.

ஏறத்தாழ அரைமணி நேரம் கழிந்தபோது, மேலே கற்கள் உருளும் ஓசை கேட்டது. ஆடுகள் சில தோன்றின. அவற்றின் பின்னே, கோலூன்றிய முதியவர் ஒருவர் வந்தார். அவர்களைக் கண்டதும் நின்று, “நீள்ளு உன்னாயா?” என்று உரக்கக் கேட்டார்.

அல்சூர்ப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கு புதிதன்று. ‘தண்ணீர் இருக்கிறதா?’ என்பதே அதன் பொருள். தமிழில் நீர், கன்னடத்தில் நீரு, தெலுங்கில் நீள்ளு. சொல் புரிந்தது, கேட்டவரின் கருத்து புரியவில்லை. தமக்காகவே அவர் நீர் கேட்கிறார் என்று நால்வரும் எண்ணினர். கால்பந்து வீரன் தன் பாட்டிலைத் தன்னையறியாமல் மார்போடு அணைத்துக்கொண்டான். பாலைப் பாடல்களில் வழிச்செல்வோரை மறித்துப் பொருள் பறிக்கும் ஆறலைகள்வர் வருவர். அந்நேரத்தில் அந்த முதியவரும் அவன் கண்ணுக்கு அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

மருமகன் எழுந்து தன் பாட்டிலை அவரிடம் நீட்டினான். முதியவர் அதனை வாங்கினார், பருகவில்லை. தோளிலிருந்த துண்டை அந்நீரில் நனைத்து, படுத்திருந்தவனின் பிடரியில் வைத்து அழுத்தினார். மீதி நீரை மூடி, திருப்பித் தந்தார். அவர்களிடம் நீர் இருக்கிறதா என்று அறியவே அவர் கேட்டிருந்தார். தம்முடைய நீர்க்குடுவை அவர் இடுப்பிலேயே இருந்தது.

அவர்கள் அவரைத் தாத்தா என்றே அழைத்தனர். தெலுங்கிலும் அச்சொல் ஏறக்குறைய அதுவே. வெயில் சாயும்வரை எழ வேண்டாம் என்று அவர் கையமர்த்தினார். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு, வந்த வழியில் அன்றி, ஆடுகள் ஏறும் தடத்தில் அவர்களை அழைத்துச் சென்றார். அத்தடம் நீளமானது, வளைந்து வளைந்து சென்றது, ஆனால் மேற்குச் சுவரின் நிழல் அதன்மேல் படிந்திருந்தது. ஒளிப்பட நண்பனின் பையை அவரே தோளில் மாட்டிக்கொண்டார். இருபது அடிக்கு ஒருமுறை நின்றனர். நின்ற ஒவ்வொரு முறையும் ஆளுக்கு இரண்டு மடக்கு நீர். மேலே ஏறி முடித்தபோது, கடைசிப் பாட்டிலில் கையளவு நீரே எஞ்சியிருந்தது.

பணம் கொடுக்க முயன்றபோது முதியவர் தலையசைத்து மறுத்தார். வெற்றுப் பாட்டில்களைச் சுட்டிக்காட்டி, இரண்டு கேட்டார். பெற்றுக்கொண்டு ஆடுகளின் பின்னே நடந்தார். கீழே, பொழுது சாயும் வேளையில், அவர்கள் தொடாத ஆறு செம்பு நிறமாக ஒளிர்ந்தது. ஒளிப்பட நண்பன் அதைப் படமெடுக்கவில்லை.

மறுநாள் இரவு ஜோகுபாளையத்தில் மாமா பைகளைத் திறந்து பாட்டில்களைத் திண்ணையில் வரிசையாக நிறுத்தினார்.

“ஆற்றைத் தொட்டீர்களா?”

“இல்லை, மாமா.”

“ஒன்பது இருக்கிறதே.”

“இரண்டை ஆடு மேய்க்கும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டோம்” என்றான் மருமகன்.

மாமா பன்னிரண்டாவதைப் பற்றிக் கேட்கவில்லை. மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. ஒளிப்பட நண்பன் தானாகவே எழுந்து சென்று, மாடிப்படியின் கீழே செருப்புகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்தான். வைத்தபடியே நிறைந்திருந்தது. மாமா அதனை வாங்கி, மூடியைத் திறந்து, அவனிடமே கொடுத்தார்.

“குடி, தம்பி” என்றார்.

சொற்பொருள்

சுரம் – பாலைநில வழி
ஆறலைகள்வர் – வழிப்பறி செய்வோர் (ஆறு – வழி)
யாமம் – நள்ளிரவு
உரிப்பொருள் – ஒரு திணைக்குரிய வாழ்க்கை உணர்வு
பிடரி – கழுத்தின் பின்பகுதி
தண்டு – படை தங்கும் இடம். பெங்களூருவில் கண்டோன்மென்ட் பகுதி

சிந்தித்து விடையளிக்க

1. ‘யாருடையது முதலில் தீர்கிறதோ அவனுடையது’ என்று மாமா கூறியதன் காரணம் யாது?
2. ஆற்றுக்குச் சென்று நீர் கொண்டுவருவதாகக் கால்பந்து வீரன் கூறினான். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பீர்கள்? காரணத்துடன் எழுதுக.
3. ‘ஆறு’ என்னும் சொல் இப்பாடத்தில் எத்தனை பொருள்களில் வருகிறது? ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
4. உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பெங்களூருவுக்கு வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து, எவ்வழியாக, என்ன வேலைக்காக வந்தார்? வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.